கருமணலில் தங்கம் தேடிய மூன்று வருடங்கள்

முதல் நாள், விடியற்காலை 5.30 மணி, திருவொற்றியூர் கடற்கரை. மெட்டல் டிடெக்டர் கருவியின் வட்டத் தட்டை மணலுக்கு மேலே கொண்டுபோன உடனே காதுக்குள் ஒரே கூச்சல். இடப்பக்கம் வீசினாலும் கத்தியது, வலப்பக்கம் வீசினாலும் கத்தியது. கத்திய இடமெல்லாம் தோண்டினேன். எட்டுக் குழி. எட்டிலும் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. படகோரம் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா தம்பி தொலைச்ச?"

"ஒன்னும் தொலைக்கலைங்க ஐயா. தங்கம் எதுனா கெடைக்குதான்னு பார்க்கறேன்."

"தங்கமா? இங்க கருமண்ணுதான் கெடக்குது."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். என் எட்டுக் குழிகளுக்கும் அந்த ஒரு வரியில் விடை இருந்தது. எனக்கு அது புரிய இரண்டு மாதம் ஆனது.

எனக்குத் தண்டையார்பேட்டை. டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு டிவி, மிக்ஸி, இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் வெல்டர். அந்த மாநிலத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்று ஓர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டால், சாதாரண ஆள்கூட அரசு நிலத்தில் பொழுதுபோக்காகத் தங்கம் தேடலாம். லீவு கிடைத்தால் மாமா 600 கிலோமீட்டர் கார் ஓட்டிக் கல்கூர்லி பக்கம் போய்விடுவார். ஊருக்கு வந்தால் அந்தக் கதைதான். 1980ல் விக்டோரியா மாநிலத்துக் கிங்கோவரில் கெவின் ஹில்லியர் என்பவர் மெட்டல் டிடெக்டரை வைத்து 27 கிலோ தங்கக் கட்டியைக் கண்டுபிடித்ததையும், அது ஓரடி ஆழத்தில் கிடந்ததையும் சொல்லும்போது அவர் கண் விரியும். புதுக் கருவி வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார். "உங்க பீச்சுல ஆட்டிப் பாரு மாப்ள, எதுனா மாட்டும்" என்றார்.

ஆனால் அவர் தேடுவது வேறு, நான் இங்கே தேடக்கூடியது வேறு. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் மண்ணுக்குள் இருக்கும் இயற்கைத் தங்கத்தைப் பொழுதுபோக்காகத் தேடி எடுக்க வழியில்லை. 1957ஆம் வருடத்துக் கனிமச் சட்டப்படி ஆய்வு செய்வதற்கே உரிமம் வேண்டும். நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கம் 1880 வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கத்துக்காகக் குவிந்தன, வந்த வேகத்தில் சரிந்தன. நம் ஆட்கள் மூன்று தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. ஆகவே வடசென்னையில் என்னைப் போன்றவனுக்கு மிச்சம் இருப்பது மனிதர்கள் தொலைத்த தங்கம்தான். குளிக்கும்போது நழுவிய மோதிரம், அலை அடித்து அறுந்த சங்கிலி, காணும் பொங்கல் கூட்டத்தில் விழுந்த கம்மல். அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். இதை நான் முதலில் யோசிக்கவில்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கடை மேஜையில் வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள். ஒன்று, விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்தில் உலோகம் எதுவும் மாட்டினால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுருள் அதைக் கேட்கிறது. பதில் எவ்வளவு பலமாக வருகிறது, எவ்வளவு தாமதமாக வருகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் திரையில் எண் விழுகிறது. தங்கம் என்று எழுதிக் காட்டும் கருவி எதுவும் கிடையாது. கருவிக்குத் தெரிந்தது மின்கடத்தும் திறன், அளவு, வடிவம், இவ்வளவுதான்.

இப்போது அந்தக் கருமண்ணுக்கு வருகிறேன். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை அலை ஒதுங்கும் இடங்களில் கறுப்பாகக் கோடு போட்டதுபோல் ஒரு மணல் கிடக்கும். மேக்னடைட், இல்மனைட் போன்ற இரும்புக் கனிமங்கள் கலந்தது. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அதன்மேல் தேய்த்தால் மீசை முளைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். இந்த மணலே கருவிக்குப் பதில் சொல்கிறது. நான் செய்த தவறு, கருவியை மண்ணுக்குப் பழக்காமல் தேடியது. ஆங்காரமாகக் கத்திய அத்தனையும் மண்ணின் குரல்.

இதற்குத்தான் 'கிரவுண்ட் பேலன்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. உலோகம் இல்லாத ஓர் இடத்தில் நின்று, தட்டை இடுப்பு உயரத்திலிருந்து மணலுக்கு இரண்டு விரற்கடை மேலே வரை மெதுவாக இறக்கி ஏற்ற வேண்டும். ஐந்தாறு முறை இறக்கி ஏற்றினால், இதுதான் இந்த மண்ணின் குரல் என்று கருவி பிடித்துக்கொண்டு அதைக் கழித்துவிடும். என் அனுபவத்தில் ஒருமுறை செய்தால் போதாது. நம் கரையில் இருபது அடி நடந்தால் மண் மாறுகிறது. வெள்ளை மணலில் ஒருமுறை, கறுப்புக் கோட்டில் ஒருமுறை, ஈர மணலில் ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் செய்வேன்.

ஈர மணல் இன்னொரு தொல்லை. உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும். ஒரே வேகத்தில் திசை மாறும் புலத்தை மட்டும் அனுப்பும் ஒற்றை அலைவரிசைக் கருவிக்கு ஈரமான கடல் மணல், மெல்லிய தங்கம் மாதிரியே கேட்கும். என்னுடையது ஒற்றை அலைவரிசைதான். அதனால் அலை தொடும் இடத்தில் உணர்திறனைப் பாதிக்குக் குறைத்துக்கொண்டு, தட்டை ஒரே உயரத்தில் வைத்து, அலைக்கு இணையாக நடக்கிறேன். பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் கேட்கும் கருவிகள் உப்பைத் தனியாக அடையாளம் கண்டு கழித்துவிடும். காந்தப்புலத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, நிறுத்தியபின் மிச்சமிருக்கும் மின்னோட்டத்தை அளக்கும் பல்ஸ் இண்டக்ஷன் கருவிகளையும் கருமணலும் உப்பும் அவ்வளவாக ஏமாற்றாது. ஆனால் அவற்றுக்கு இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வது கடினம். படகு ஆணி நிறைந்த காசிமேட்டுக் கரையில் அப்படி ஒரு கருவியோடு போனால் இடுப்பு ஒடிந்துவிடும். வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, கடற்கரைக்கென்றால் பல அலைவரிசைக் கருவி. 45 கிலோஹெர்ட்ஸில் ஓடும் மைன்லேப் கோல்டு மான்ஸ்டர், 71ல் ஓடும் ஃபிஷர் கோல்டு பக் 2 போன்றவை வறண்ட பூமியில் நெல்மணி அளவு தங்கத் துணுக்கைத் தேடச் செய்தவை. உப்புத் தண்ணீர் அவற்றுக்கு ஆகாது.

எண்ணூர் பக்கம் போனால் உயரழுத்த மின்கம்பிகள் வேறு. கம்பிக்கு அடியில் நின்றால் காற்றில் பிடித்தாலே கருவி முனகும். கருவியில் அலைவரிசையைச் சற்று நகர்த்தும் பொத்தான் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். சட்டைப் பையில் செல்போன் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஆழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான். தட்டிலிருந்து புறப்படும் புலம் தூரம் போகப் போக வேகமாக மெலிகிறது. திரும்பி வரும் பதிலும் அதே வேகத்தில் மெலிகிறது. இரண்டையும் சேர்த்தால், ஒரு மோதிரம் இருமடங்கு ஆழத்துக்குப் போகும்போது அதன் பதில் ஏறக்குறைய 64ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் மோதிரத்துக்கு ஒரு சாண் ஆழம் என்பதே நல்ல கணக்கு. இரண்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் தூரத்துப் புதையலைக் காட்டும் என்று லட்சக்கணக்கில் விலை சொல்லும் கருவிகளை என் கடைக்கே மூன்று பேர் பழுது பார்க்கக் கொண்டுவந்தார்கள். திறந்தால் உள்ளே பேட்டரி, ஒரு விளக்கு, கொஞ்சம் கம்பி. இப்படிப்பட்ட பொருளை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு இங்கிலாந்தில் 2013ல் பத்து வருடச் சிறை விதித்தார்கள். அதை நம்பிச் சோதனைச் சாவடியில் நின்ற போலீஸ்காரர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை. வீட்டை அடகு வைத்து அப்படி ஒன்றை வாங்கிய ஒருவர் என் கடை ஸ்டூலில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்ததையும் மறக்க முடியவில்லை.

மண்ணைப் பற்றி எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். ரேஷன் அரிசியில் கல் கிடந்த காலத்திலிருந்து அம்மாவுக்கு அரிசி அரிப்பது கைவந்த கலை. இரண்டு பாத்திரம். ஒன்றில் தண்ணீரோடு அரிசியைச் சுழற்றிச் சுழற்றி மெல்லச் சாய்ப்பார். அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியிலேயே தங்கும். நான் யூட்யூபில் ஆஸ்திரேலியாக்காரர்கள் தட்டில் தங்கம் அலசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, கல்லு அரிக்கிறான்" என்றார். அதேதான். தங்கம் அதே அளவு தண்ணீரைவிட 19 மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். கருமணல் ஐந்து மடங்கு. சுழற்றினால் எது முதலில் வெளியேறும், எது கடைசிவரை கிடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை மிளகைவிடச் சின்னதாக வெட்டி, பத்துத் துண்டைச் சுத்தியால் தட்டையாக்கி ஒரு வாளி மணலில் கலந்து அம்மாவிடம் கொடுத்தேன். ஈயம் தண்ணீரைவிட 11 மடங்கு கனம், தங்கத்தைவிடக் குறைவுதான். ஆகவே ஈயத்தை விடாத கை தங்கத்தையும் விடாது. அம்மா அலசி முடித்தபோது பத்தும் இருந்தது. நான் அலசியபோது நாலு. "வேகமா சாய்க்கற. அடியில உக்காரவிட்டுச் சாய்டா" என்றார். இரண்டு வாரம் மொட்டை மாடியில் அதே பத்துத் துண்டை அலசினேன். பத்துக்கு ஒன்பது வந்த பிறகுதான் கரைக்குப் போனேன். அங்கே பாறைச் சுவரின் இடுக்கில் கையளவு மணல் எடுத்து அங்கேயே அலசி, அங்கேயே போட்டுவிடுவேன். கருவி காட்டாத திருகாணியும் மூக்குத்தித் துண்டும் அப்படி வந்ததுதான்.

அதைவிடப் பெரியது இதிலிருந்து பிடிபட்ட ஒரு விஷயம். கடலும் அம்மா மாதிரிதான் அரிக்கிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே நம் ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. தெருத் தெருவாகக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பாறாங்கல் கொட்டித் தடுத்துக்கொண்டிருக்கிறோம். அது நம் துயரம். தேடுகிறவனுக்கு அதுவே அடையாளமும்கூட. லேசான மணல் அடித்துக்கொண்டு போன இடத்தில் கனமானவை தங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்து கரை செங்குத்தாக வெட்டுப்பட்டிருக்கும் இடத்தின் அடி, கடலுக்குள் நீட்டிப் போட்ட பாறைச் சுவர்களான தூண்டில் வளைவுகளின் ஓரம், கருமணல் கோடு கனமாகப் படிந்த இடம், அங்கே போய்த் தேடுங்கள். எந்தக் கருமணல் முதல் நாள் என்னை விரட்டியதோ அதைப் பார்த்துத்தான் இப்போது நிற்கிற இடத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். ஈயக்குண்டும் செம்பு ஆணியும் அடுத்தடுத்துக் கிடைத்தால் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன். கனமானவை ஒதுங்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

பாதரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கசாலை, சௌகார்பேட்டை பக்கம் நகைப் பட்டறைகளின் குப்பையையும் சாக்கடை மண்ணையும் அரித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பாட்டி சுழற்றுவதைப் பார்த்தால் அம்மாவே தோற்றுப்போவார். ஆனால் துகளைப் பாதரசத்தில் பிடித்து, அடுப்பில் வைத்துச் சூடேற்றும்போது பக்கத்தில் பேரப்பிள்ளை உட்கார்ந்திருந்தது. அந்த ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இல்லை. பாட்டியிடம் கெஞ்சிப் பிள்ளையை வெளியே அனுப்பினேன், வேறு என்ன செய்ய முடிந்தது? பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் யாரும் பாதரசத்தைத் தொடவே கூடாது.

அடுத்தது திரையில் விழும் எண்கள். தேடப் போவதற்கு முன் வீட்டில் இருக்கும் நகையை ஒவ்வொன்றாகத் தட்டின்கீழ் காட்டி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். என் கருவியில் மூன்று கிராம் மோதிரம் 48 முதல் 50. மாத்திரை அட்டை 44 முதல் 52! ஈயக்குண்டு 55. பழைய அலுமினிய பத்துப் பைசா 60. வெள்ளி மெட்டி 70க்கு மேல். சுத்தத் தங்கம் நன்றாக மின்சாரம் கடத்தும், ஆனால் நகைக்காகச் செம்போ வெள்ளியோ சேர்த்த உடன் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்து, அலுமினியத் தாளின் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. குப்பை வேண்டாம் என்று மாத்திரை அட்டையின் எண்ணை ஒதுக்கினால் மோதிரத்தையும் சேர்த்து ஒதுக்குகிறோம். முதல் வருடம் நான் செய்தது அதுதான். இப்போது இரும்பைத் தவிர எல்லாவற்றையும் தோண்டுகிறேன். ஒரு இடத்தில் சத்தம் வந்தால் குறுக்கே தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசுவேன். இரண்டு பக்கமும் எண் மாறாமல் நின்றால் தோண்டு. தாவினால் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி. ஆணியையும் விட்டுவிடுவதில்லை. வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் கரை அது. குழியை மூடிவிட்டு, குப்பையை இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொள்வேன். ஊர்ப் பஞ்சாயத்தார் என்னைக் கரையில் தேடவிட்டதற்குக் காரணமே அந்தப் பைதான்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவர் அதைப் பத்திரமாகக் காக்கும் பொறுப்புள்ளவர் என்கிறது 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆவது பிரிவு. சொந்தக்காரரைத் தேடாமல் எடுத்து விற்றுவிட்டால் அது குற்றம். பழவேற்காட்டில் டச்சுக்காரர் காலத்துக் காசு தேடலாம் வா என்று என்னை இரண்டு முறை கூப்பிட்டார்கள். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தில் தோண்டினால் ஜெயில். அதற்கு மேல், ஒரு காசு எந்த மண்ணில் எந்த ஆழத்தில் கிடந்தது என்பதுதான் அதன் கதை. பிடுங்கி எடுத்துவிட்டால் அந்தக் கதை போய்விடும். போகவில்லை.

போன மாசி மகத்தன்று மத்தியானம் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா கடைக்கு வந்தார். காலையில் கடலில் முழுகும்போது மஞ்சள் கயிறு அறுந்துவிட்டது. ஒரு தாலி, இரண்டு குண்டு. "கயிறு போனா போவுது தம்பி. தாலி எங்க அம்மா போட்டது" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

சங்கிலியாக இருந்திருந்தால் எனக்கு நம்பிக்கை குறைவாகத்தான் இருந்திருக்கும். மெல்லிய சங்கிலியில் வளையத்துக்கு வளையம் சரியான தொடுதல் இல்லாததால், கருவிக்கு அது ஐந்து சவரன் நகையாகத் தெரியாது. தனித்தனிச் சின்ன வளையமாகத்தான் தெரியும். கயிற்றில் கோத்த தாலி ஒரே கெட்டித் துண்டு, அதனால் வாய்ப்பு உண்டு. எங்கே நின்று முழுகினார், தண்ணீர் எந்த உயரம் இருந்தது, எந்தத் தூண்டில் வளைவுக்கு நேரே என்று அங்கேயே கூட்டிக்கொண்டு போய் நிற்கச் சொல்லிக் கேட்டேன். தேடுவதில் பாதி வேலை இந்தக் கேள்விகள்தான். நான்கு குச்சி நட்டு, கயிறு கட்டி, முப்பதடிக்கு இருபதடி கட்டம் போட்டேன். நம் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குப் பக்கம்தான். ஆனால் மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், இறக்கத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரை தெரியும். மறுநாள் விடியற்காலை அந்த நேரத்தைப் பிடித்தேன்.

முதல் நாள் பதினேழு குழி. மாத்திரை அட்டை, பாட்டில் மூடி, ஈயக்குண்டு. இரண்டாம் நாள் ஒரு குண்டு கிடைத்தது, அக்கா நின்ற இடத்திலிருந்து எட்டடி வடக்கே. மூன்றாம் நாள் 46 என்று விழுந்து, குறுக்கே வீசியபோதும் 46ஆகவே நின்ற ஓர் இடத்தில், கருமணல் அடுக்குக்கு மேலேயே தாலி கிடந்தது. ஒரு ஜாண் ஆழம்கூட இல்லை. என் கை நடுங்கியது. அக்கா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் கூடையிலிருந்து சங்கரா மீனை அள்ளி என் பையில் போட்டார். பணம் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன், மீனை மறுக்க முடியவில்லை.

இரண்டாவது குண்டு கிடைக்கவில்லை. குண்டு என்பது உள்ளே அரக்கு அடைத்த மெல்லிய தங்கக் கூடு. கனம் குறைவு என்பதால் ஓரிடத்தில் தங்காமல் அலையோடு உருளும். மாசிக்குப் பிறகு நம் கரையில் மணல் வடக்கே நகரத் தொடங்கிவிடும், அதுவும் கூடவே போயிருக்கும். அதனால் கட்டத்தை வாரத்துக்குப் பத்தடி வடக்கே தள்ளிக்கொண்டு போனேன். இப்போது அடுத்த தூண்டில் வளைவின் தெற்குப் பக்கம் வந்திருக்கிறேன். வடக்கே போகிற மணல் மோதி நிற்கும் பக்கம் அது. வரும் அமாவாசைக்கு மறுநாள் காலை இறக்கம் பார்த்து மறுபடி போக வேண்டும்.